ஈரலுக்குள் ஒரு கூப்பாடு

கூப்பிட்டது யாரென்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா நீ? குரல் கேட்டதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிடுவதா? வாசலில் நிற்பது யார், எதற்கு வந்திருக்கிறார் என்று எட்டிக்கூடப் பார்க்கமாட்டாயா?

விமலாராணி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எதிரே இருந்த டாக்டர் பிரீத்திகாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் சின்னப்பராஜும் திடுக்கிட்டிருப்பார்கள். அவள் கேட்டுக்கொண்டிருந்தது தன்னுடைய கல்லீரலை. கணினித் திரையில் அது இரண்டாகத் தெரிந்தது. இடது பக்கம் கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் எடுத்த ஸ்கேன். வலது பக்கம் நேற்று எடுத்தது.

இடது பக்கத்து ஈரலில் மூன்று கட்டிகள். உள்ளே திட்டுத்திட்டாக, ஓரமெல்லாம் வெள்ளையாகக் கசிந்து, பார்க்கவே ஆத்திரத்தோடு இருந்தன. வலது பக்கத்திலும் அதே மூன்று கட்டிகள், அதே இடத்தில். ஆனால் உள்ளே ஒரே சாம்பல் நிறம். ஓரம் கத்தரிக்கோலால் வெட்டி வைத்ததுபோலத் தெளிவாக இருந்தது. சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஒரு வீட்டில் திடீரென்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டதுபோல.

"அளவு பெருசா குறையலைங்கம்மா," என்றாள் டாக்டர். "ஆனா உள்ள ரத்தம் போறது ரொம்ப அடங்கியிருக்கு. நாம எதிர்பார்த்ததைவிட நல்லாவே வேலை செஞ்சிருக்கு மருந்து."

"செத்துப்போச்சுங்களா டாக்டர்?" சின்னப்பராஜ் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"கொஞ்சம் செத்திருக்கும். மிச்சம் தூங்குதுன்னு வெச்சுக்குங்க. மருந்தை நிறுத்தினா முழிச்சுக்கும். அதனால மூணு வாரத்துக்கு ஒருக்கா ஊசி தவறாம வரணும்."

செத்திருக்கும் என்ற சொல்லோடு சின்னப்பராஜின் காது அடைத்துக்கொண்டது. அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வழிந்ததை விமலா பார்த்தாள். முப்பது வருடமாகக் கணபதிப் பகுதியில் லேத் பட்டறை நடத்துகிற மனுஷன். தன் அம்மா செத்தபோதுகூட அழுததில்லை. பிறகு டாக்டர் சொன்னது எதுவும் அவருக்குள் இறங்கியிருக்காது.

விமலாவுக்கு அழுகை வரவில்லை. அவளுக்கு வந்தது வேறொன்று. சின்ன வயதில் முதல் தடவை ஆழியாறு அணையின் மேல் நின்று கீழே பார்த்தபோது கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டாளே, அந்தப் பிரமிப்பு.

அவள் மாநகராட்சி மண்டல அலுவலகம் ஒன்றில் குடிநீர் இணைப்புப் பிரிவில் இருபத்தொன்பது வருடமாக வேலை செய்கிறவள். இப்போது மருத்துவ விடுப்பு. அரை அங்குலக் குழாய் ஒன்று வேண்டுமென்றால் விண்ணப்பம் வேண்டும், வீட்டுவரி ரசீது வேண்டும், ஆதார் நகல் வேண்டும், இடத்தை நேரில் போய்ப் பார்த்த குறிப்பு வேண்டும். நேரில் பார்க்காத இடத்துக்கு அவள் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. பெருங்குடலில் வந்த புற்றை அறுத்து எடுத்த பிறகு, அது ஈரலுக்கும் போய்விட்டது என்று தெரிந்த நாளில், டாக்டர் பிரீத்திகா மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டு விளக்கியபோது விமலாவுக்கு முதலில் வந்தது இந்த அலுவலக நினைப்புதான்.

கட்டி எள்ளளவு இருக்கும்வரை அக்கம்பக்கத்தில் ஓடுகிற ரத்தத்திலிருந்து கசிவதை வைத்தே பிழைத்துக்கொள்ளுமாம். அதற்குமேல் வளர வேண்டுமென்றால் தனக்கென்று குழாய் வேண்டும். அப்போது அது ஒரு புரதத்தை வெளியே அனுப்பும். அதுதான் கூப்பாடு. பக்கத்தில் போகிற நல்ல ரத்தக்குழாய் அந்தக் கூப்பாட்டைக் கேட்டதும், ஒரு கேள்வி இல்லை, ஒரு விண்ணப்பம் இல்லை, தன் பக்கவாட்டிலிருந்து துளிர் விடும். துளிர் நீண்டு, வழி கண்டுபிடித்து, கட்டியைப் போய்த் தொடும். பிறகு இரவும் பகலும் சோறும் காற்றும் போய்க்கொண்டே இருக்கும்.

"நாம குடுக்கப்போற மருந்து கட்டியைத் தொடறதே இல்லைங்கம்மா," என்றாள் டாக்டர். "கட்டி விடற கூப்பாடு ரத்தக்குழாய்க்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி, நடுவழியில பிடிச்சு வெச்சுக்குது. அவ்வளவுதான். இதுக்கு முதல் அச்சு எலி உடம்புல இருந்து கெடைச்சது. அதை மனுஷ உடம்பு ஏத்துக்கற மாதிரி மாத்தியிருக்காங்க."

எலி விஷயத்தை விமலா ஊசி போடும் வார்டில் கோமளாவிடம் சொன்னாள். கோமளா சோமனூர்க்காரி. வீட்டோடு ஆறு தறி ஓடுகிறது. அவளுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று. ஒரு தடவை போய், திரும்பி வந்தது. இரண்டு பேருக்கும் இந்த ஒரு மருந்து பொது. மூன்று வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை, அடுத்தடுத்த நாற்காலி. வெளியே வராந்தாவில் சின்னப்பராஜும் கோமளாவின் கணவர் தனபாலும் சேர்ந்து டீ குடித்து, ஒருவருக்கொருவர் போன் நம்பர் கொடுத்து, சிநேகிதமாகிவிட்டார்கள்.

"எலிங்களா?" கோமளா சிரித்த சிரிப்பில் நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "எங்க பிள்ளையாரு ஏறிப் போறதையா உங்க ரத்தத்துல உட்டிருக்காங்க? சர்ச்சுல தெரிஞ்சா சேத்துக்குவாங்களாக்கா?"

"உன்ற ரத்தத்துலயும் அதுதான் போகுது, பாத்துக்கோ."

"எனக்கென்னங்க. எங்க ஊட்டு வாகனம். நா கூப்பிட்டா நிக்கும்."

மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஒருநாள் சுரைக்காய் அரியும்போது விமலாவின் ஆள்காட்டி விரலில் அரிவாள்மணை பட்டது. சின்னக் கீறல். வேறு நாளாயிருந்தால் மூன்றாம் நாள் மறந்துபோயிருக்கும். இது பதினைந்து நாளாகியும் வாய் மூடவில்லை. சீழ் இல்லை, வலி இல்லை. வெட்டின அன்றைக்கு இருந்தபடியே சிவப்பாகத் திறந்திருந்தது. டாக்டரிடம் காட்டியபோது, உடனே வந்து சொல்லாததற்குத் திட்டு விழுந்தது. பிறகு டாக்டர் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்.

"காயம் ஆறணும்னாலும் அங்க புதுசா ரத்தக்குழாய் முளைக்கணுங்கம்மா. காயமும் அதே மாதிரித்தான் கூப்பிடும். அதே புரதம். கட்டி கூப்பிடறதா, காயம் கூப்பிடறதான்னு மருந்துக்குத் தெரியாது. ரெண்டையும் பிடிச்சு வெச்சுக்கும்."

"அதே குரலுங்களா?"

"அதே குரல்தான். வயித்துல குழந்தை தங்குதே, அது தாய்கிட்ட ரத்தம் கேக்கறதும் இந்தக் குரல்லதான்."

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது விமலா தன் விரலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்க வேண்டிய சிங்காநல்லூர் தாண்டிப்போனதுகூடத் தெரியவில்லை. இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் மகன் ஜெப்ரி அவள் வயிற்றில் ஒரு எள்ளளவாக ஒட்டிக்கொண்டு கூப்பிட்டிருக்கிறான். அவள் அப்போது பஸ்ஸில் இருந்தாளோ, அலுவலகத்தில் ஃபைல் கட்டிக்கொண்டிருந்தாளோ, அவளுக்குத் தெரியாது. அவளைக் கேட்காமலே அவள் உடம்பு எழுந்து போய்க் கதவைத் திறந்திருக்கிறது. அதே கதவை, அதே மாதிரி, இந்தக் கட்டிக்கும் திறந்திருக்கிறது. பிள்ளை, காயம், புற்று என்று அதற்குப் பேதமில்லை. கேட்டதா, கொடுத்தாயிற்று. ஐம்பத்து நான்கு வருடமாகத் தோலுக்கடியில் இப்படியொரு பைத்தியக்காரத் தயாளத்தைச் சுமந்துகொண்டு, காய்கறி விலையையும் இடமாற்ற உத்தரவையும் பெரிதாக நினைத்துக் கவலைப்பட்டிருக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பக்கத்து சீட்டுப் பெண் போனில் யாரையோ வைதுகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்குள்ளும் அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தபோது அவள்மேல்கூட மரியாதை வந்தது.

அதனால்தான் இப்போது திரையில் அடங்கிக் கிடந்த மூன்று கட்டிகளைப் பார்த்தபோது ஜெயித்துவிட்டோம் என்று தோன்றவில்லை. ஒரு மகா பெரிய வேலையின் ஓரத்தை யாரோ திரை விலக்கிக் காட்டியதுபோல் இருந்தது. தூங்குது என்று டாக்டர் சொன்ன வார்த்தையை அவள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டில். அவர்கள் சர்ச்சைச் சேர்ந்த பங்கில் முப்பது வீட்டுக்கு ஒரு அன்பியம். வாரம் ஒரு வீட்டில் கூடி வேதம் வாசித்து, நோயாளிகளுக்காக மன்றாடிவிட்டு, டீயும் முறுக்கும் சாப்பிட்டுக் கலைவார்கள். மன்றாட்டு முடிந்ததும் சின்னப்பராஜ் எழுந்து நின்றார். லேத் சத்தத்தோடே காலம் போனதால் அவருக்கு மெதுவாகப் பேச வராது.

"எல்லாரும் கேளுங்க. எங்கூட்டு அம்மணிக்கு ஸ்கேன் வந்திருச்சு. கட்டி செத்துப்போச்சு! மாதா கொன்னுபோட்டா!"

அல்லேலூயா என்று யாரோ அழுதார்கள். விமலா, "ஏனுங்க, அப்படியில்லீங்க, டாக்டரு சொன்னது..." என்று ஆரம்பித்தது பாட்டுச் சத்தத்தில் அமுங்கிப்போனது. பாட்டு முடிந்ததும் அவர் மீதியையும் சொன்னார். முதல் ஊசி போட்ட அன்றைக்கே, வார்டுக்கு வெளியே நின்றுகொண்டு அவர் மாதாவிடம் நேர்ந்துகொண்டாராம். விமலா பிழைத்தால், மே மாதம் பங்குத் திருவிழாவுக்கு ஒன்பது நாள் ஜெபம் நடக்கிற நவநாளில், நோயாளிகள் தினத்தன்று, அவளே மேடையேறித் தான் பூரண குணமானதற்குச் சாட்சியம் சொல்லுவாள் என்று.

விமலா அதை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டாள். கேட்டு ஆச்சரியப்படவும் முடியவில்லை. இங்கே எல்லோரும் அடுத்தவரைத்தான் நேர்ந்துவிடுகிறார்கள். ஜெப்ரிக்கு மூன்று வயதில் மஞ்சள்காமாலை வந்தபோது அவன் தலைமுடியை வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டவள் அவள்தான். அவனைக் கேட்டா நேர்ந்தாள்? மொட்டையடிக்கும்போது அவன் கதறியது இன்னும் காதில் இருக்கிறது.

அன்பியத் தலைவி ஃபெமினா டீச்சர் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நோட்டீஸ்ல உங்க போட்டோ போட்டர்றேன். மாட்டேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. சொல்லமாட்டீங்க, எனக்குத் தெரியும். விமலாக்காகிட்ட கேட்டு இல்லைன்னு வந்ததா சரித்திரமே இல்லை."

உண்மைதான். வந்ததில்லை. அலுவலகத்தில் மட்டும்தான் அவள் கறார். வெளியே வந்துவிட்டால் சீட்டுக்குப் பிணை, கல்யாணத்துக்கு நகை, பக்கத்து வீட்டுக்காரிக்கு இட்லி மாவு, கேட்டால் கொடுத்துவிடுவாள்.

டீ குடித்துவிட்டுப் போகும்போது ஒவ்வொருவராக வந்து அவள் கையைத் தொட்டார்கள். நீர் கோத்த காலோடு இருந்த ஒரு பெரியவர் அவள் கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அவர் தோலுக்கடியில் நாடி துடிப்பது அவள் உள்ளங்கைக்குத் தெரிந்தது. இதைத்தான் தொட்டுக் கும்பிட வேண்டும், என் கையை இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது? அவள் கையை எடுக்கவும் இல்லை.

அடுத்த ஊசிக்குப் போன வியாழக்கிழமை கோமளா சிரிக்கவில்லை. கன்னம் ஒடுங்கியிருந்தது. நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு நகர்ந்ததும் போனை எடுத்து நீட்டினாள். நோட்டீஸ். விமலாவின் போட்டோ, ரேஷன் கார்டுக்கு எடுத்தது. கீழே பெரிய எழுத்தில்: புற்றுநோயிலிருந்து முழுக் குணம் பெற்ற சகோதரியின் சாட்சியம். சின்னப்பராஜ் தனபாலுக்கு அனுப்பியிருந்தார்.

"அக்கா, இது நெசங்களா?"

"கோமளா, என்ற கட்டி போகலை. அப்படியே இருக்குது. இந்த மருந்துனால அடங்கிக் கெடக்குது, அவ்வளவுதான்."

"அப்ப எதுக்கு மேடை?"

விமலா போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அவருக்கு ஒரு நேர்ச்சை," என்றாள்.

கோமளா மேலே தொங்கிய மருந்துப் பையையே பார்த்தாள். சொட்டுச் சொட்டாக, தண்ணீர்போல, நிறமே இல்லாமல் அது இறங்கிக்கொண்டிருந்தது.

"எனக்குச் சலிச்சுப்போச்சுங்க. மூக்குல ரத்தம் வருது, தலை இடிக்குது. காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு பஸ்ஸைப் புடிச்சு வந்து, இங்க கெடந்து, ஊட்டுக்குப் போனா மூணு நாளைக்குத் தறிகிட்டப் போக முடியறதில்ல. அவரும் சொல்றாரு, ஊசிய உட்டுப்போட்டு சர்ச்சுல ஒரு மண்டலம் இருந்து பாக்கலாம்னு. நீங்களே நின்னு சொல்றீங்கள்ல? நா அன்னைக்கு வாரேன். கேட்டுப்போட்டு முடிவு பண்ணிக்கறேன்."

"நீ ஊசிய நிறுத்தாத. நா சொல்றேன் பாரு, நிறுத்திப்போடாத."

கோமளா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு மட்டும் சாமி, எனக்கு ஊசியுங்களா?"

நோயாளிகள் தினம் வரும்வரை அந்தக் கேள்வி விமலாவை ஒன்பது நாளும் விடவில்லை. தனியாகச் சொன்னது கோமளாவின் காதில் ஏறவில்லை. நோட்டீஸ் ஏறியிருக்கிறது. மேடையில் சொல்வதும் ஏறிவிடும்.

நோயாளிகள் தினத்தன்று சாயங்காலம் நாலு மணிக்கே மாதா கோவில் மைதானம் நிறைந்துவிட்டது. பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள். சக்கர நாற்காலியில் வந்தவர்கள் முன்வரிசையில். பெண்கள் பக்கத்தில் நாலாவது வரிசையில் கோமளா உட்கார்ந்திருந்தாள். நீலச் சேலை, தலையில் முக்காடு. சர்ச் வழக்கம் தெரியாமல், பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துப் போட்டுக்கொண்டிருப்பாள். தனபால் பின்னால் நின்றார்.

மேடைக்குப் பக்கத்தில், ஒலிபெருக்கிப் பெட்டிகள் அடுக்கியிருந்த மூலையில், சின்னப்பராஜ் விமலாவிடம் இரண்டு தாளை நீட்டினார். அவரே உட்கார்ந்து எழுதியது. ஃபெமினா டீச்சர் பிழை திருத்தியிருந்தாள்.

விமலா வாங்காமலே படித்தாள். பூரண குணம் என்று மூன்று இடத்தில் இருந்தது. மருந்து என்று ஒரு இடத்திலும் இல்லை.

"ஏனுங்க, நா வேற மாதிரி சொல்லட்டுங்களா?" என்றாள். "கட்டி இன்னும் இருக்குதுன்னு. மருந்து போட்டுக்கிட்டு இருக்கேன்னு. அதுக்கு நன்றின்னு."

"அதுல சாட்சியம் எங்க விமலா இருக்குது? பாதி நேர்ச்சையக் கொண்டுபோய் மாதாகிட்ட எப்படிக் குடுக்கறது?" அவர் குரலைத் தணிக்கப் பார்த்தார், முடியவில்லை. முன்வரிசையில் ஒருவர் திரும்பினார். "நா வார்த்தை குடுத்துப்போட்டேன். நீ சொல்லலீன்னா... அது முழிச்சுக்கிருமோன்னு பயமா இருக்குது எனக்கு."

முழிச்சுக்கும் என்று டாக்டர் சொன்னதுகூட அவர் காதில் விழுந்துதான் இருக்கிறது. அவர் அதை எங்கே கொண்டுபோய் வைத்திருந்தார் என்று இப்போதுதான் விமலாவுக்குத் தெரிந்தது. இந்த இரண்டு தாளுக்குக் கீழே. தாள்களை நீட்டிய கையை அவர் இன்னும் இறக்கவில்லை. லேத்தில் மயிரிழை கணக்காகக் கடைகிற கை. முப்பது வருடத்தில் இந்தக் கை கேட்டு அவள் எதையும் மறுத்ததில்லை.

பாடகர் குழு பாடத் தொடங்கியது. நூற்றுக்கணக்கான வாய்கள் ஒன்றாகத் திறந்தன. விமலா அவர்களைப் பார்த்தாள். வீங்கின கால்கள், கட்டுப்போட்ட கண்கள், மடியில் தூங்குகிற குழந்தைகள். ஒவ்வொரு உடம்புக்குள்ளும், பாட்டுச் சத்தத்துக்கு அடியில், யாருக்கும் கேட்காமல், கூப்பாடும் பதிலும் நடந்துகொண்டிருந்தன. ஒரு காயம் கேட்டுக்கொண்டிருக்கும். மூன்றாவது வரிசையில் நிறைமாதமாக இருந்தவளிடம் ஒரு பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும். கோமளாவின் அடிவயிற்றில் அந்தப் பொல்லாததும் அதே குரலில்தான் கேட்கிறது. ஊசி வராத வியாழக்கிழமையில் அதற்குப் பதில் போய்ச் சேர்ந்துவிடும். விமலாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. உடம்புகளுக்குள் இவ்வளவு பெரிய திருப்பலிப் பூசை நடக்கிற இடத்தில் நின்றுகொண்டு பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொல்ல நாக்கு எழும்புமா?

ஃபெமினா டீச்சர் மேடையிலிருந்து சைகை காட்டினாள். மைக்கில் அவள் பேரைச் சொல்லப் போகிறார்கள்.

"எல்லாம் வேண்டாம்," என்றார் சின்னப்பராஜ். கெஞ்சுகிற குரல். "தாளைக்கூடப் படிக்க வேண்டாம். குணமாயிட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை. எனக்காக."

விமலா அவர் விரல்களை எடுத்து அந்தத் தாள்களின்மேல் மடித்து வைத்தாள்.

"நா உங்ககூட இங்கயே நிக்கறேனுங்க," என்றாள். "பாட்டுப் பாடறேன், ஜெபம் சொல்றேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் என்னால ஆகாது."

மைக்கில் அவள் பேர் கேட்டது. நாலாவது வரிசையில் கோமளா நிமிர்ந்து உட்கார்ந்தாள். விமலா இருந்த இடத்திலேயே நின்று, மேடையைப் பார்த்துத் தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்தாள்.